நான் ஒண்ணும் கேக்கலம்மா

அந்த வீட்டுப் படுக்கையறைச் சுவருக்குள் ஏதோ ஒன்று தட்டிக்கொண்டிருந்தது. எலியா, குழாயா, மாடிவீட்டுக்காரர்களின் வேலையா, யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய சங்கடம், அந்தச் சத்தம் கேட்பது வீட்டில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான். டொக், டொக் என்று இரண்டு தட்டு. ஆளை ஏங்கவிட்டு இன்னொன்று. "இதோ, இதோ!" என்று அவள் கணவரை உலுக்குவாள். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, பொறுமையாகக் காதுகொடுத்துவிட்டு, "ஒண்ணும் இல்லையேம்மா" என்பார்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு நாத்தனார் போனில், "வயசாகுதில்ல, காதுக்குள்ளயே சத்தம் வரும்" என்று ஆரம்பித்தாள். கட்டிக்கொடுத்த மகளோ, "நீ சரியாத் தூங்கறியாம்மா?" என்று கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டாள். அந்தக் குரல்தான் அவளைச் சுட்டது. எல்லோரும் ஒரு பக்கம், தான் ஒருத்தி மட்டும் ஒரு பக்கம் என்றால் மனுஷி எத்தனை நாள்தான் தாக்குப்பிடிப்பாள்? அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சரி, மூன்றாம் மனிதர் ஒருவர் வந்து கேட்கட்டும் என்று குழாய்க்காரருக்குச் சொல்லியனுப்பினாள். அவருக்கும் கேட்காவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு டாக்டரிடம் வருவதாகக் கணவரிடம் வாக்கும் கொடுத்துவிட்டாள்.

அந்தக் குழாய்க்காரருக்கு அக்கம்பக்கத்தில் 'ஒரு நிமிஷம்' என்று பெயர். எதற்குக் கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷ வேலைம்மா" என்று சொல்லிவிட்டுப் பாதி நாளை விழுங்குகிற ஆள். அன்றைக்கும் அப்படித்தான். குளியலறைக் குழாய்களைத் திறந்தார், மூடினார். வால்வு ஒன்றைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு எதையோ இறுக்கினார். கடைசியில் படுக்கையறைக்கு வந்து, சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்.

அவர் முகத்தைப் படிக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே! அந்த மனுஷனோ கல்லாட்டம் நின்றார். "கேட்டுச்சா?" என்று ஒரு வார்த்தை விசாரித்தால் முடிந்தது. ஆனால் நாக்கு எழவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்? துணி எடுக்கிற சாக்கில் பால்கனிக்கு ஓடி, காயாத துணியையெல்லாம் ஈரத்தோடு மடித்துக்கொண்டு வந்தாள்.

கணவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதாவது, பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். படுக்கையறைச் சுவரில் இருந்த வால்பேப்பர் அவர் தன் கையாலேயே ஒட்டியது. ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டியதை, வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் இழுத்துப் போய்க் காட்டுவார். குழாய்க்காரர் சுவரைத் தட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஹாலிலிருந்து, "மெதுவாப்பா, மெதுவா!" என்று குரல் வந்தது.

ஒருவழியாகக் குழாய்க்காரர் சாமான்களைப் பைக்குள் போட்டார். "எனக்குப் பிடிபடலம்மா. தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டிப் பாத்துட்டேன்."

பர்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, எவ்வளவுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணும் கேக்கலம்மா."

போச்சு. எல்லாம் போச்சு.

கணவர் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். "நான் சொல்லலை? அவருக்கும் கேக்கலை. விடும்மா, நாளைக்கே டாக்டரைப் பாத்துடலாம்." குரலில்தான் என்ன கனிவு! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குழாய்க்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எதுக்கு சார் டாக்டரு? வேலை முடியலை, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கூலி கேக்கறதுன்னுல்ல சொன்னேன்? சத்தமா? அது பாட்டுக்கு மண்டையிலயே அடிக்குதே! சுவத்தை உடைச்சாத்தான் எங்கன்னு தெரியும்."

"கேட்டுச்சா? நெஜமா கேட்டுச்சா அண்ணே?"

அவர் கதவு நிலையில் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார். டொக், டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

அதேதான்! அவள் சிரித்தாள்; சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது. பர்ஸில் இருந்ததை அப்படியே எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"வேலை ஆகலையேம்மா!"

"பரவாயில்லை, வெச்சிக்குங்க. நீங்க கேட்டீங்களே, அது போதும்."

"நான் கேக்கவே இல்லையேம்மா!" என்று பதறினார் அந்த மனிதர். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, பையைத் தூக்கிக்கொண்டு அவர் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

கதவைச் சாத்தினதுதான் தாமதம், கணவர் பிடித்துக்கொண்டார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. எதைச் சரி பண்ணிக் கிழிச்சிட்டான்னு அவ்வளவையும் தூக்கிக் குடுத்தே?"

"குடுக்கணும்னு தோணுச்சு, குடுத்தேன்."

"தோணுச்சா? இங்க வா!" அவள் கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துப் போனார். சுவருக்கு நேரே விரலை நீட்டினார். "கேளு! இதோ! இதோ, இன்னொண்ணு! முன்னைவிட ஜாஸ்தியால்ல அடிக்குது? இதுக்கா கூலி?"

சொல்லிவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. நீட்டிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"முன்னைவிடவா?" என்றாள் அவள்.

"இல்லம்மா... சுவத்தை உடைக்கணும்பாங்க... தானா நின்னுடும்னுதான்..."

"எப்போலேருந்து கேக்குது உங்களுக்கு?"

அவர் கையைக் கீழே இறக்கினார். "மொதல்லேருந்து."

அவள் கத்துவாள் என்று நினைத்து அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார். அவள் கத்தவில்லை. கோபம் எங்கே போகிறது, அது சாவகாசமாக வரும். இப்போதைக்கு அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"எனக்கு மூளை கெட்டுப்போச்சோன்னு தலையணையில மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு அழுதேனே," என்றாள். "அதுவும் கேட்டுச்சா?"

சுவருக்குள் இரண்டு தட்டுக் கேட்டது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வால்பேப்பரைத் தடவினார்.