கை எடுக்காமல்

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் மேட்ரன் அம்மா ஓய்வறைக்குள் வந்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக வெட்டிய வெள்ளை அட்டைக் கட்டு ஒன்றையும், ஒரு பெட்டி கறுப்புப் பேனாக்களையும் மேசைமேல் வைத்தார். "இந்த மாசம் முழுக்க தினம் ஒரு அட்டை. கோடு, வளைவு, புள்ளி, எது வேணா போடலாம். ஒண்ணையே திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பணும். படம் வரையத் தெரியணும்னு இல்ல. ஸ்கேல் கூடாது, ரப்பர் கூடாது. கோணிப் போச்சுன்னா அதையும் டிசைன்ல சேத்துக்கணும். மனசு லேசாகும்," என்றார். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்கு இந்த வேகம். "மனசு லேசாகணும்னா ஒரு நாள் லீவு குடுத்தாப் போதும் மேடம்," என்று ஒரு குரல் கேட்டது. மேட்ரனும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனாலும் சுவரில் மாட்டியிருந்த புதுப் பலகையைக் காட்டி, தினமும் காலையில் அதில் ஒட்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆளுக்கொரு பேனாவை எடுத்து அங்கேயே கிறுக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். ரத்தம் எடுக்கும் அறையின் மூத்த சிஸ்டர் மட்டும் மூடியைத் திறக்காமலே பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு எறும்புக்கடி சிஸ்டர் என்று பெயர். ஊசி உள்ளே போனது எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்று எப்போதோ ஒரு நோயாளி சொல்லப்போய், அதுவே நிலைத்துவிட்டது. மற்றவர்கள் தட்டித் தடவித் தேடும் நரம்பு அவள் விரலுக்கு மட்டும் தானாக எழுந்து வரும். நாற்காலியில் உட்கார்ந்ததுமே அலறும் குழந்தைகளையும், வெளியே வீரம் பேசிவிட்டு உள்ளே வந்து கண்ணை இறுக்க மூடிக்கொள்ளும் பெரிய மனிதர்களையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். அந்தக் கைக்குத்தான் கொஞ்ச நாளாக ஏதோ ஆகியிருந்தது. சும்மா மடியில் கிடக்கும்போது பூனைக்குட்டி மாதிரி அடங்கிக் கிடக்கும். ஒரு வேலைக்கென்று நீட்டினால் போதும், விரல்நுனியில் உதறல் வந்துவிடும். முதலில் காபி டம்ளர் தட்டில் கடகடத்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தாள். பிறகு கையெழுத்து கோணியது. வயசாகிறது என்று நினைத்தாள். ஊசி குத்தும்போது மணிக்கட்டை நோயாளியின் கைமேல் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதறல் ஓய்கிற அந்த இமைப்பொழுதில் இறக்கிவிடப் பழகிக்கொண்டாள். ஊசியை அப்படி ஒளிக்கலாம். வெள்ளை அட்டையில் கறுப்புப் பேனாவால் இழுக்கும் கோட்டை எங்கே ஒளிப்பது?

வீட்டில் அவளும் கணவனும்தான். அவன் லிப்ட் மெக்கானிக். மாலையில் கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, மேசைமேல் கிடந்த அட்டைகளைப் பார்த்தான்.

"என்னம்மா இது, சீட்டுக் கட்டா?"

"மேட்ரன் குடுத்த வீட்டுப்பாடம். எனக்கு இதுக்கெல்லாம் பொறுமை இல்லைங்க. நீங்க ஏதாவது கிறுக்கிக் குடுங்க."

"நானா? ஸ்கூல்ல எனக்கு ட்ராயிங்ல வாங்கின உதைதான் ஞாபகம் இருக்கு."

சொன்னானே தவிர, சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முறுக்கேறிய கம்பிக் கயிறு ஒன்றை அட்டையின் மூலையிலிருந்து மூலைக்கு ஓட்டினான். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இடைவெளியில் பல்சக்கரத்தின் பற்கள். தடித்த விரல்களுக்குள் பேனா பல்குச்சி மாதிரி இருந்தது. நாக்கை உதட்டோரத்தில் துருத்திக்கொண்டு, கூப்பிட்டாலும் காது கேட்காமல், ஒரு மணி நேரம் அதிலேயே மூழ்கிக் கிடந்தான். மறுநாள் அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்கு அட்டை எங்க?" என்றான்.

பலகையில் அந்த அட்டைகள் தனியாகத் தெரிந்தன. கிளம்பிப் போகிறவர்கள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒரு கணம் நின்று பார்த்தார்கள். "இந்தக் கை வேற கைதான் சிஸ்டர்!" என்றார் மேட்ரன். வேறு கைதான் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். புகழ்ச்சி வர வர, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் ஒரு பொய்யை அவிழ்க்க வேண்டுமானால் அதற்கு அடியில் கிடக்கும் பொய்யையும் தொட வேண்டியிருக்கும். அடுத்த அட்டையையும் கொண்டுவந்து ஒட்டினாள்.

அந்த வாரம் டீச்சர் வந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் காய்ந்த கொடி போலாகிவிட்ட பெண்மணி. எவ்வளவு நேரம் ஆனாலும் எறும்புக்கடி சிஸ்டரிடம்தான் கையை நீட்டுவேன் என்று பெஞ்சில் காத்திருப்பவர். அன்றும் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டிவிட்டு, பேத்தி கேட்ட ஏடாகூடமான கேள்வி ஒன்றைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். அவள் மணிக்கட்டை ஊன்றினாள், மூச்சைப் பிடித்தாள், இறக்கினாள். நரம்பு நழுவியது. இன்னொரு இடம் பார்த்தாள். இந்த முறை ஊசி உள்ளே போன பிறகு கை உதறியது. தோலுக்கடியில் நீலம் பரவுவதை இருவருமே பார்த்தார்கள்.

டீச்சரின் கதை பாதியில் நின்றது. கண்ணோரத்தில் ஈரம் கட்டியிருந்தாலும் முகத்தைத் திருப்பாமல், "பரவால்ல சிஸ்டர். எறும்புக்கு இன்னைக்கு என்னவோ கோவம்," என்றார்.

பக்கத்து மேசையிலிருந்த இளைய சிஸ்டர் எழுந்து வந்து, டீச்சரின் இன்னொரு கையில் ரத்தம் எடுத்துக் கொடுத்தாள். எறும்புக்கடி சிஸ்டர் நீலம் கட்டிய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே நின்றாள். டீச்சர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். எழுந்து போகும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பட்ட காலிலே படும் என்பது போல, வீட்டுக்குக் கிளம்பும்போது மேட்ரன் வழிமறித்தார். மாதக் கடைசியில் எல்லாப் பிரிவு ஆட்களும் கூடுவார்களாம். பெரிய சார்ட்டில் அவள் வரைந்து காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

வீட்டுக்குப் போனபோது கணவன் அன்றைய அட்டையில் பாதியை முடித்திருந்தான். "இங்க பாரு, கதவுச் சட்டத்த அப்படியே..." என்று காட்ட வந்தவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"போதும். இனிமே வரைய வேணாம்."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கறதுதாங்க வினை."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்கத் தேவையே இல்லாமல் வெகுநேரம் துடைத்தான். "என் வேலைல ஒண்ணு சொல்லுவாங்க. லிப்டுல சத்தம் வர்றப்ப எவனும் கூப்பிட மாட்டான். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னப்புறம்தான் போன் வரும்," என்றான். "நீ டம்ளர ரெண்டு கையாலப் புடிக்க ஆரம்பிச்சது எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு வந்தது கோபம்தான். "தெரிஞ்சுக்கிட்டேதான் தினம் உக்காந்து வரைஞ்சு குடுத்தீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்." கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, "அது ஒரு சாக்கு. கேட்டா நீ ஆமான்னுடுவியோன்னு பயம்," என்றான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புது அட்டை ஒன்றை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்கவே பேனாவை வைத்தாள். ஒரு கோடு. நேராகப் போக வேண்டியது நெளிந்து நெளிந்து போனது. அதன் கீழே இன்னொன்று, அதுவும் நெளிந்தது. இரண்டு நெளிவும் ஒரே மாதிரி இல்லை. அட்டை நிரம்பும் மட்டும் போட்டாள். முடிக்கும்போது அவள் முகம் நனைந்திருந்தது. மனம் லேசாகவெல்லாம் இல்லை.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய், பலகையிலிருந்த கம்பிக் கயிறுகளையும் பல்சக்கரங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மேட்ரன் வந்து நின்றபோது பலகையில் அவள் பெயருக்குக் கீழே நெளிகோட்டு அட்டை மட்டும்தான் இருந்தது.

"அதெல்லாம் எங்க வீட்டுக்காரர் போட்டது மேடம். இதுதான் என் கை."

மேட்ரன் அட்டையைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் வார்டில் ஊசி போட்டவர்தான். "இன்னைலேர்ந்து நீங்க ஊசியத் தொட வேணாம் சிஸ்டர். பதிவு கவுன்டர்ல உக்காருங்க," என்றார். குரலில் கடுமை இல்லை, தயவும் இல்லை. இரண்டடி போய்த் திரும்பி, "நரம்பு டாக்டர்கிட்ட நானே நேரம் வாங்கித் தரேன். வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க," என்றார். அவள் கழிவறைக்குப் போய் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

நரம்பு டாக்டரின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. எத்தனையோ முறை டிரேயோடு நுழைந்து வெளியேறிய அறைதான். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது இதுவே முதல் தடவை. கணவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவளைக் கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், நடந்து காட்டச் சொன்னார். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் முன்னால் தள்ளினார்.

"நடுவுல புள்ளி வெச்சு ஒரு சுழி போடுங்க. உள்ளேர்ந்து வெளிய, சுத்திச் சுத்தி. கைய மேசைல ஊன்றக் கூடாது. நடுவுல எடுக்கவும் கூடாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளிலிருந்து தப்பிக்க என்னென்ன செய்தாள், கடைசியில் தாள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறதே! டாக்டர் புரியாமல் பார்த்தார். கணவன் மட்டும் சுவரோரத்திலிருந்து மெல்லச் சிரித்தான்.

அவள் புள்ளி வைத்துச் சுற்றத் தொடங்கினாள். முதல் சுற்று இறுகிப் பின்னிக்கொண்டது. இரண்டாவதில் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. மூன்றாவதில் எங்கே உதறும் என்று பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டாள். உதறியது, அவள் போய்க்கொண்டிருந்தாள். நகத்துக்குள் கிரீஸ் படிந்த ஒரு விரல் சுவரோரத்தில் தன் முழங்காலின்மேல் அதே சுழியை அவளுடனேயே சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் போதும் என்பது போல் கையை உயர்த்தினார். கோடு தாளின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. தாளில் இன்னும் ஒரு சுற்றுக்கு இடம் இருந்தது; அவள் கையை எடுக்கவில்லை.