உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிற எம்.பி.

எல்லப்பனுக்கு எம்.பி. சீட் கிடைத்தது அவருடைய திறமையால்தான் என்று யாராவது சொன்னால், முதலில் சிரிப்பவர் எல்லப்பன்தான். கிருஷ்ணகிரிக்குக் கட்சியில் இரண்டு கோஷ்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஒருத்தனுக்குக் கொடுத்தால் இன்னொருத்தன் உள்ளடி வேலை பார்ப்பான். கடைசியில், இருபத்தெட்டு வருஷம் ராணுவத்தில் இருந்து சுபேதாராக ஓய்வுபெற்று, கல்லாவியில் நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த மனுஷனைத் தேடிப் பிடித்தார்கள்.

"மிலிட்டரிக்காரரு. சொன்ன பேச்சக் கேப்பாரு" என்றார் மாவட்டச் செயலாளர் திம்மராயன். இரண்டு கோஷ்டிக்கும் அது பிடித்துப்போயிற்று.

போஸ்டரில் 'எல்லை காத்த எல்லப்பன்' என்று அச்சடித்தார்கள். சர்வீஸில் பாதிக்குமேல் அவர் காத்தது ரேஷன் கிடங்கை. பருப்பு மூட்டை காத்த எல்லப்பன் என்று போட்டால் யார் ஓட்டுப் போடுவார்கள்? அவரும் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு ஜீப்பில் நின்றார், ஜெயித்தும் தொலைத்தார்.

டெல்லியில் முதல் இரண்டு வருஷம் கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். வெளிநடப்பு என்றால் நடந்தார். மனைவி சரோஜம்மாள் டிவியில் பார்த்துவிட்டு ஊரிலிருந்து போன் போட்டாள்: "எல்லாரும் கோவமா வெளிய வராங்க, நீங்க மட்டும் பரேடுக்குப் போற மாதிரி வரீங்களே."

இந்த லட்சணத்தில்தான் நஞ்சம்மா அவரை நம்பி வந்தாள்.

தளிப் பக்கத்துக்காரி. ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கிற வேலை. அவளுடைய மூத்த மகள் ரேவதி, ஓசூருக்கு வெளியே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருந்தாள். ஷிப்டு பஸ் நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் இறக்கிவிடும், கம்பெனி கேட் மறுபக்கம். நடுவில் ஆறு வழிச் சாலை. போன ஆடி மாசம் காலை ஷிப்டுக்கு ஓடும்போது ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. இருபத்திரண்டு வயசு. அந்த வருஷம் அதே இடத்தில் செத்தவர்களில் ரேவதி மூன்றாவது. இப்போது தங்கச்சி கவிப்ரியா அதே கம்பெனிக்கு, அதே ரோட்டைத் தாண்டிப் போகிறாள். வீடு நடக்க வேண்டுமே, வேறு வழி?

நஞ்சம்மாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு கன்னடத்துக்குத் தாவிவிடும். அன்று ஓசூர் அலுவலகத்தில் தமிழிலேயே நிதானமாகப் பேசினாள்.

"ஒரு நடைபாலம் கட்டிக் குடுக்கச் சொல்லுங்க சார். அப்பறம், டெல்லியில எம்பொண்ணு பேரச் சொல்லுங்க. மூணு பேரு செத்தாங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பேரு ஒருத்தரும் சொல்றதில்ல."

"சொல்றன்மா" என்றார் எல்லப்பன். வாக்குக் கொடுத்துவிட்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும். அது ஒன்றுதான் ராணுவத்திலிருந்து அவர் உருப்படியாகக் கொண்டுவந்தது.

பூஜ்ய நேரத்தில் தொகுதிப் பிரச்சினையைப் பேச, குலுக்கலில் அவர் பெயர் வந்தது. கிடைப்பது இரண்டு நிமிஷம். எழுதி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்துத் தடவை படித்தார். ஒன்றே முக்கால் நிமிஷத்தில் முடிந்தது. பயல் கெட்டிக்காரன்தான் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். மெச்சினவருக்கு ஒன்று மறந்துபோயிற்று. அவர் கட்சியில் எழுந்ததும் தலைவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அதுவும் பட்டங்களோடு. திம்மராயன் பதினொரு பட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்திருந்தார். ஒன்று குறைந்தாலும் சென்னையிலிருந்து போன் வரும்.

எழுந்தார். பதினொன்றையும் சொன்னார். மாவட்டச் செயலாளருக்கு நன்றி, வாக்காளப் பெருமக்களுக்கு நன்றி. "எனது தொகுதியில், ஓசூர் அருகே, நெடுஞ்சாலையில்..." மணி அடித்தது.

"பைட்டியே" என்று இந்தியில் உட்காரச் சொன்னார் அவைத் தலைவர்.

எல்லப்பன் உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷம் மேலதிகாரி வாயிலிருந்து கேட்ட சொல். புத்திக்கு எட்டுவதற்குள் முழங்கால் மடங்கிவிட்டது. அந்தச் சபையிலே உட்காரச் சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள், இன்னும் உரக்கப் பேசுவார்கள். அதுதான் அங்கே நடைமுறை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு மனுஷனுக்கு இரண்டு வருஷம் போதாதா? அவைத் தலைவரே அசந்துபோய், "ராணுவ வீரரிடம் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். எல்லப்பன் இளித்துக்கொண்டே ஒரு சல்யூட் வேறு வைத்தார்.

சனிக்கிழமை நஞ்சம்மா வந்தாள். "பாத்தன் சார். நல்லா பேசனீங்க. ரேவதி பேரு எந்த எடத்துல வந்திச்சின்னுதான் எனக்குப் பிடிபடல."

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதற்குக் கன்னடத்தில் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை அவரே கம்பெனி கேட்டுக்குப் போனார். பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். கவிப்ரியா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஓடினாள். அவரும் பின்னாலேயே இறங்கிக் கையை நீட்டி லாரிகளை நிறுத்தப் பார்த்தார். ஒருத்தனும் நிறுத்தவில்லை. ஒரு கிளீனர் எட்டிப் பார்த்து அசிங்கமாகத் திட்டிவிட்டுப் போனான். எல்லை காத்தவர் பாதி ரோட்டில், நடுத்தடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பயந்துவிட்டார், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

"சார், அப்பிடியே நில்லுங்க" என்று அந்தப் பெண்தான் திரும்பி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

அடுத்த கூட்டத்தொடரில் தினமும் பெயர் கொடுத்தார். கடைசி நாளில்தான் குலுக்கலில் வந்தது. எழுந்தார். தலைவர் இல்லை, பட்டம் இல்லை, நன்றி இல்லை. நேராக ரோட்டில் இறங்கினார். பஸ் எங்கே நிற்கிறது, கேட் எங்கே இருக்கிறது, ஷிப்டுக்கு எத்தனை பெண்கள் ஓடுகிறார்கள், நடைபாலம் எங்கே வேண்டும். அதற்குள் மணி.

"பைட்டியே."

முழங்கால் பாதி மடங்கிவிட்டது, சனியன். முன்னால் இருந்த மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா மன்னிக்கணும். இன்னும் பேரு சொல்லல."

மைக் விளக்கு அணைந்தது. அணைந்தால் என்ன? ஆயிரம் பேர் நிற்கிற மைதானத்தில் மைக் இல்லாமல் ஆணை கொடுத்த தொண்டை. "ராஜலட்சுமி. மாதேஸ்வரி. ரேவதி" என்றார். ஒவ்வொரு பேருக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். மொழிபெயர்ப்பாளர் காதுக்கு ஒன்றும் போயிருக்காது. நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் மட்டும் திரும்பிப் பார்த்து, எழுதிக் கொடுங்கள் என்று கையால் காட்டினார்.

சாயங்காலமே திம்மராயன் கூப்பிட்டார். "தலைவர் பேர ஒரு தடவகூடச் சொல்லலியாமே. அடுத்த தடவ சீட்டு கேட்டுக்கினு வந்துடாதீங்க."

"வரலீங்க" என்றார் எல்லப்பன். கீழ்ப்படிவதில்தான் அவரை யாரும் மிஞ்ச முடியாதே.

எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து, அடுத்த மாதம் இடத்தை ஆய்வு செய்ய ஆள் வருவார்கள் என்று ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக் காட்டவே வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை நஞ்சம்மா கவிப்ரியாவோடு வந்து உட்கார்ந்ததும், அவரே முந்திக்கொண்டார்.

"ஆய்வுக்கு வராங்களாம்மா. பாலம் எப்பன்னு இன்னும் தெரியாது. பேரு சொன்னன், ஆனா மைக்க நிறுத்திட்டாங்க. பதிவுல ஏறல. நீங்க கேட்டத நான் பண்ணலன்னுதான் அர்த்தம்."

நஞ்சம்மா மகளிடமிருந்து போனை வாங்கி, அவர் சபையில் பேசின வீடியோவைக் காட்டினாள். என்ன காரணமோ, மைக் போன பிறகும் கேமரா அவர்மேலேயே நின்றிருந்தது. சத்தமே இல்லாமல் ஒரு கிழவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு வாயசைத்தான்.

"சத்தம் எதுக்கு சார்" என்றாள். "மொத ரெண்டும் எனக்குத் தெரியல. மூணாவது இந்தா, பாருங்க. நான் பெத்து வச்ச பேரு, வாயப் பாத்தா தெரியாதா?"

எல்லப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. நஞ்சம்மா அவரைக் கவனிக்கவில்லை. விரலால் பின்னுக்குத் தள்ளி, அந்த இடத்தை மறுபடியும் ஓடவிட்டாள்.