கண்டெடுத்தவள்

மசாத்லான் கடற்கரையில் எங்கள் ஹோட்டலில் தொலையாத பொருளே கிடையாது. கண்ணாடி, பல்செட், ஒருமுறை ஒரு மாப்பிள்ளை. தொலைத்தவர்கள் இங்கிலீஷில் கத்துவார்கள், நாங்கள் ஸ்பானிஷில் முழிப்போம். அதனால்தான் அறை துடைக்கிற எங்களுக்கு மேனேஜர் பராகான் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார். இடம் சலவை அறை, நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. டீச்சர் இட்செல் இப்போதுதான் கல்லூரி முடித்த பெண்.

முதல் பாடமே தேடுவதும் கிடைப்பதும்தான்.

"லுக் ஃபார்னா சும்மா தேடுறது. சர்ச்னா ஒரு இடத்தையே புரட்டிப் போட்டுத் தேடுறது. கெடச்சிட்டா, ஃபைண்ட்," என்றாள் இட்செல்.

பக்கத்தில் இருந்த ஒப்துலியாவின் காதைக் கடித்தேன். "லுக் ஃபார் எத்தன தடவ வேணா சொல்லு. ஃபைண்ட்னு மட்டும் வாயத் தொறந்துடாத. எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தேன்னு கேப்பாங்க."

"ஒனக்கு எதுலதான் சந்தேகமில்ல, ரெமே அக்கா?"

எல்லாவற்றிலும் உண்டு. சந்தேகப்படாதவள் இந்த வேலையில் நிலைத்து நான் பார்த்ததில்லை. ஒப்துலியா தற்காலிகம். அவளை நிரந்தரமாக்க பராகான் அந்த வாரம் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் பிள்ளைகளைத் தன்னோடு கூட்டிவந்து வைத்திருந்தாள்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று சாப்பாட்டு அறையில் வளைய ரொட்டியை வெட்டினோம். அதற்குள் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் குழந்தை இருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ, அவர்தான் பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாளுக்கு எல்லோருக்கும் கொழுக்கட்டை மாதிரி சோளமாவில் தமாலே அவித்துப் போட வேண்டும். முப்பது பேருக்கு, பன்றிக் கறி வைத்து. அதனால் எங்கள் ஹோட்டலில் குழந்தை கிடைத்தது என்று ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. காவலாளி சேமா போன வருஷம் அதை விழுங்கிவிட்டான் என்பது என் கட்சி. இந்த வருஷமும் அவன் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பராகான் உள்ளே வந்தார். "விட்கம் அம்மாவோட கல்யாண மோதிரத்தக் காணோம். அவங்க ரூமைத் தொடச்சது யாரு?"

ஒப்துலியாவின் மெல்லுகிற வாய் நின்றது. கையை வாயருகே கொண்டுபோனாள். மூடிய கை அப்படியே ஏப்ரனுக்குள் போனது. "நான்தான் சார்," என்றாள்.

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

சாப்பாடு முடிந்து வகுப்பு தொடங்கியதும் பராகான் சேமாவோடு வந்து கதவைச் சாத்தினார். "எல்லாரும் பையத் திருப்பிக் காட்டுங்க. மோதிரம் கெடைக்கலேன்னா, ஒப்துலியா, சாயங்காலம் நீ வீட்டுக்குப் போயிடலாம். மறுபடி வர வேணாம்."

"சார், இது வகுப்பு," என்றாள் இட்செல்.

"நீங்க தேடுறதச் சொல்லிக் குடுங்க டீச்சர். நான் தேடிக் காட்டுறேன்."

ஹேர்பின், ஜெபமாலை, பாதி சிகரெட் எல்லாம் மேசைக்கு வந்தன. ஒப்துலியா மட்டும் ஏப்ரனுக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவில்லை.

"என் கையில ஒண்ணுமில்லயே," என்றாள்.

கையைப் பற்றி ஒருவரும் கேட்கவேயில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இவளா என்று இருந்தது, இவள்தான் என்றும் இருந்தது.

"தொறடி," என்றான் சேமா.

"மாட்டேன்."

"தொறந்துடும்மா, வேலை போயிரும்," என்று கெஞ்சினேன். அவள் அழுதுகொண்டே விரல்களைப் பிரித்தாள். எச்சிலும் ரொட்டித் துணுக்கும் ஒட்டிய பிளாஸ்டிக் குழந்தை உள்ளங்கையில் மல்லாந்து கிடந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் சலவை அறையே அதிர்ந்தது. "தமாலே! தமாலே!" மோதிரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சேமாதான் அதிகம் குதித்தான்.

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பைத்தியமாடி நீ? இதுக்காகவா திருடிப் பட்டம் வாங்கப் பாத்த?"

"திருடின்னு சொன்னா அது பொய்யின்னு எனக்குத் தெரியும் அக்கா. தமாலே போடாத கஞ்சம்னு சொன்னா, அது உண்மையா இருக்குமே. முப்பது பேருக்குப் போட எங்கிட்ட என்ன இருக்கு?"

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது, வேறென்ன.

பராகானின் செல்போன் ஒலித்தது. கேட்டுவிட்டுப் பையில் போட்டார். "மோதிரம் அந்தம்மாவோட கிரீம் டப்பாவுக்குள்ளயே இருந்துச்சாம். சரி, சரி, வேலையப் பாருங்க."

அவர் கதவுப் பிடியில் கை வைத்தபோது ஒப்துலியா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"டீச்சர், தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சுக்கன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

"ஐ'ம் சாரி."

"கேட்டீங்களா சார்? ரெண்டே வார்த்த."

பராகான் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கதவைத் திறந்துகொண்டு போனார். கையெழுத்து மறுநாளே வந்தது. அந்த இரண்டு வார்த்தைகள் வரவில்லை.

மெழுகுவர்த்தித் திருநாளன்று ஒப்துலியா முப்பது பேருக்கும் தமாலே கொண்டுவந்தாள். மாவைப் பிசைந்தது நான், கறி சேமாவுடையது. பராகானும் தட்டோடு வந்து வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் ஒப்துலியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு காத்திருந்தாள்.