மேல் தாள்

ராஜமாணிக்கத்தின் கையில் ஒரு காகிதம் கிடைத்தால் போதும், துளை போட்டு, நாடா கோர்த்து, பக்க எண் எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா. கை சும்மா இருக்குமா? மகள் நளினியின் விசாவுக்கான ஃபைலையும் அவரே கட்டினார்.

நளினி பக்கத்து ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டின் பேக்கரியில் வேலை பார்த்தாள். அமெரிக்காவில் ஒரு பெரிய ஹோட்டலில் அவளுக்கு ஒரு வருஷப் பயிற்சி கிடைத்திருந்தது. வேலை அல்ல, பயிற்சி. கற்றுக்கொண்டு ஊர் திரும்பிவிட வேண்டும். திரும்பிவிடுவாள் என்று விசா அதிகாரி நம்பினால்தான் காரியம் நடக்கும். ஜூன் முதல் வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். மே மாதம் சென்னையில் நேர்காணல்.

"திரும்பி வர்றதுக்கு இங்க என்ன இருக்குன்னு கேப்பாங்கப்பா. வீடு, நிலம், அந்த மாதிரி. பேப்பர் இருந்தா எடுத்து வைங்க" என்று போனில் சொல்லியிருந்தாள்.

"வீடுதான் இருக்கே" என்றார் ராஜமாணிக்கம், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

டெலானிபூர் மேட்டில் இருந்த அரசு குவார்ட்டர்ஸைத்தான் சொன்னார். நளினி பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். அதை அவர் குவார்ட்டர்ஸ் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. வாய் நிறைய 'நம்ம வீடு' என்பார். சமையலறைக்குத் தன் செலவில் டைல்ஸ் போட்டார், பின்புறம் முருங்கை வைத்தார். கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்தபோது, வாங்கச் சொல்லி மனைவி மங்கையர்க்கரசி தலைகீழாக நின்று பார்த்தாள். "தினம் ஃபெர்ரி ஏறி ஆபீஸ் வர நான் என்ன பைத்தியமா?" என்று தட்டிக் கழித்துவிட்டார். சொந்த ஊரில், மேலூர்ப் பக்கம் இருந்த தன் பங்கையும் அண்ணன்களுக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. நல்ல மனிதர்தான், ஆனால் இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா?

ஏப்ரல் கடைசியில் ஓய்வு பெற்றார். அடுத்த வாரமே கடிதம் வந்தது. நாலு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அதையும் துளை போட்டு மகளின் ஃபைலில் சேர்த்தார்.

மங்கையர்க்கரசி அதைப் பார்த்துவிட்டாள். "அது எதுக்குங்க அதுல?"

"அலாட்மெண்ட் ஆர்டர் இருக்கு, வாடகை பிடிச்ச சிலிப் இருக்கு. இத மட்டும் உருவுனா ஃபைல் அதூரா ஆயிரும். முழுசா இருக்க வேணாமா? அதோட, என் சர்வீஸ் முப்பத்தஞ்சு வருஷம்னு இதுலதான் போட்டிருக்கு."

"சரி, அடியிலயாச்சும் வைங்க."

"எந்த ஆபீஸ்ல புது லெட்டர அடியில வைக்கிறான்? புதுசு மேல, பழசு கீழ. தெரியாம பேசாத."

அதுதான் முறை. முப்பத்தைந்து வருஷம் அவருக்குச் சோறு போட்ட முறை.

சென்னைக்குக் கிளம்பும் நாளில், ஹேவ்லாக்கிலிருந்து நளினி ஏறிய கப்பல் தாமதமாகத்தான் வந்தது. துறைமுகத்திலிருந்து நேரே விமான நிலையம். வழியில், ஆட்டோவுக்குள்ளேதான் ஃபைலை மகளிடம் கொடுக்க முடிந்தது. "எல்லாம் வரிசையா இருக்கு, கலைச்சுராத" என்றார். அப்பா கட்டிய ஃபைல் என்று அவளும் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நேர்காணல் நடக்கும் இடத்துக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். காலையிலிருந்து ராஜமாணிக்கம் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"கெடைக்கலப்பா."

"கியோன்? ஏன், என்னம்மா ஆச்சு?"

"டிரெய்னிங் பத்தி கேட்டாரு, நல்லாத்தான் சொன்னேன். முடிஞ்சதும் எங்க திரும்புவீங்கன்னாரு. போர்ட் பிளேர்ல எங்க வீட்டுக்குன்னேன். பேப்பர் இருக்கான்னு கேட்டாரு. ஃபைலக் குடுத்தேன். மொதத் தாளப் படிச்சாரு. அதுக்கு மேல புரட்டவே இல்லப்பா. இந்த வீடு செப்டம்பர்ல உங்களுக்கு இருக்காதே, உங்க பேரண்ட்ஸ் எங்க போவாங்கன்னு கேட்டாரு."

ராஜமாணிக்கம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கையாலேயே மகளின் வாழ்க்கையில் துளை போட்டுவிட்டோம் என்று தோன்றியது. மங்கையர்க்கரசி எதிரில் வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் தப்புதாம்மா" என்றார். "அடியில வச்சிருக்கணும். வைக்காமலே இருந்திருக்கணும்."

"அத விடுங்கப்பா. அடுத்த வருஷம்கூட அப்ளை பண்ணிக்கலாம்." நளினி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. "அவர் கேட்டதுக்கு எனக்குப் பதிலே வரலப்பா. முழிச்சுக்கிட்டு நின்னேன். வெளிய வந்தும் அதேதான் ஓடுது. நெஜமாவே, செப்டம்பர்ல நாம எங்கப்பா போவோம்?"

எத்தனையோ பேருடைய மனுக்களுக்குத் தேதி போட்டுப் பதில் எழுதியவர் ராஜமாணிக்கம். போனைக் காதில் வைத்தபடி மனைவியைப் பார்த்தார். பாம்பூஃப்ளாட் நிலத்தை விட்ட நாளிலிருந்து அவளும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.