நீதிபதி அறையின் சாவி

நீதிபதி கிரன்வால்டின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்த அன்று டார்லா என்னிடம் வந்து, "அப்ப அவர் லீவுல இருக்கற ரெண்டு வாரமும் நான் செத்தேன், ஹாய்ட்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

டார்லா எங்கள் கவுண்டி நீதிமன்றத்தின் சுருக்கெழுத்தாளர்; அங்கே பேசுவதையெல்லாம் ஒரு சிறு இயந்திரத்தில் தட்டச்சுபவள். இருபத்தொரு வருடம். அதில் முதல் ஒன்பது வருடம் ஆண் பெயரில், கழுத்தில் டையோடு வந்தாள். பிறகு ஒரு கோடை விடுமுறை முடிந்ததும் டார்லாவாக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊர் சில மாதம் அதையே பேசியது. கால்பந்துப் பருவம் தொடங்கியதும் மறந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் பெண்கள் கழிப்பறைக்குத்தான் போனாள். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

டிசம்பரில் புதிய சட்டம் ஒன்று அமலுக்கு வந்தது. அரசுக் கட்டடங்களில், பிறந்தபோது சான்றிதழில் ஆண், பெண் என எதை எழுதினார்களோ அந்தக் கழிப்பறைதான். மீறினால் அபராதம் மீறியவருக்கு இல்லை, கட்டடத்தை வைத்திருப்பவருக்கு, இங்கே கவுண்டி நிர்வாகத்துக்கு. முதல் தடவை இருபத்தைந்தாயிரம் டாலர், அடுத்த தடவை அதற்கும் பல மடங்கு. ஆகவே டார்லா மேல் யாருக்கும் கோபமில்லை. பயம்தான். யார் வேண்டுமானாலும் புகார் எழுதலாம். தாழ்வாரத்தைக் கவனித்துக்கொள்ளும்படி நீதிமன்றக் காவலனான என்னிடம் சொன்னார்கள்.

ஒரே ஒரு தடவை அவள் ஆண்கள் பக்கம் போனாள். வழக்குக்கு வந்திருந்த ஒருவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க மேடம், வாங்க. உங்களுக்குன்னே ஒண்ண காலியா வெச்சிருக்கோம்" என்றான். உள்ளே மூன்று நான்கு பேர் சிரித்தார்கள். அவள் வாசலிலேயே திரும்பிவிட்டாள்.

கிரன்வால்ட்தான் வழி செய்தார். அவருடைய அறையை ஒட்டி ஒரு கழிப்பறை உண்டு, ஒரு ஆளுக்கானது. "ஹாய்ட், டார்லா கேட்டா என் ரூமைத் திறந்துவிடு. யாராவது கேட்டா ஃபைல் எடுக்கப் போயிருக்காங்கன்னு சொல்லு" என்றார். அந்த அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவரிடம், மற்றது என் பெல்ட்டில்.

கிரன்வால்ட் அறுவைச் சிகிச்சைக்குப் போனதும் அவருக்குப் பதிலாக ஓய்வுபெற்ற நீதிபதி பாஸ்கம் வந்தார். முதல் நாள் காலையிலேயே என்னை அழைத்தார்.

"என் ரூமுக்குள்ள நான் மட்டுந்தான். அந்த ஸ்டெனோ சமாச்சாரம் எனக்கும் காதுல விழுந்துச்சு. வந்த எடத்துல கவுண்டிக்கு அபராதம் வாங்கிக் குடுத்துட்டுப் போறதுக்கு நான் ஆளில்ல. புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

ஒரு ஆளுக்கான கழிப்பறைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுக்கு எனக்குப் பதினான்கு மாதம் இருந்தது.

டார்லா காலைக் காபியை நிறுத்தினாள். பிறகு தண்ணீரையும். மதியம் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கின் கழிப்பறைக்குப் போய்வருவாள். "ஒட்டகமா பொறந்திருக்கணும். இந்த பர்த் சர்டிபிகேட் தொல்லையாவது இருந்திருக்காது" என்றாள். புதன்கிழமை அவள் முகம் சிவந்திருந்தது. சிறுநீர்ப் பாதையில் தொற்று என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். நிறையத் தண்ணீர் குடிக்கவும் சொல்லியிருந்தார்.

"வீட்ல இருக்கக் கூடாதா?"

"நான் லீவு போட்டா என் எடத்துல ரெக்கார்டிங் மெஷின் வைப்பாங்க, ஹாய்ட். வெச்சா எடுக்கமாட்டாங்க."

வியாழக்கிழமை, குடிபோதையில் வண்டி ஓட்டி ஒரு பையனைக் கொன்ற வழக்கு. மதிய இடைவேளை முழுவதும் வக்கீல்கள் ஜூரி இல்லாமல் வாதாடினார்கள். அவர்கள் பேசும்வரை டார்லாவும் தட்டச்ச வேண்டும். பெட்ரோல் பங்குக்குப் போக நேரம் கிடைக்கவில்லை.

இரண்டரைக்கு, இறந்த பையனின் தாய் எல்விரா சபாட்டா சாட்சிக் கூண்டுக்கு வந்தார். மருத்துவமனையில் மகனின் உடலை எதை வைத்து அடையாளம் காட்டினீர்கள் என்று கேட்டார்கள்.  "காலுறை. ரெண்டு காலுக்கும் வேற வேற போட்டிருந்தான். அவன் எப்பவும் அப்படித்தான்" என்றார்.

சிறிது நேரம் கழித்து டார்லா கை தூக்கினாள்.

"ஐயா, ஒரு இடைவேளை வேணும்."

பாஸ்கம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்தம்மா இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. முடிக்கட்டும்."

டார்லா திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தைக்கூட இல்லை, என் பெல்ட்டை. நான் ஜூரிகள் பக்கம் பார்த்தேன்.

எல்விரா சபாட்டா இன்னும் நாற்பது நிமிடம் பேசினார். டார்லாவின் விரல்கள் நிற்கவில்லை. வியர்வை தாடையிலிருந்து சட்டைக் காலரில் சொட்டியது. ஒரு கட்டத்தில் அவள் தோள்கள் உயர்ந்து, பிறகு மெல்லத் தளர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டே தட்டச்சினாள்.

இடைவேளை அறிவித்ததும் நான் ஜூரிகளை அழைத்துப்போய் அவர்கள் அறையில் விட்டுவிட்டு வந்தேன். டார்லா எழுந்திருக்கவில்லை.

"எல்லாரும் போயாச்சா?"

"போயாச்சு."

"கதவச் சாத்து."

சாத்தினேன். நாற்காலிக்குக் கீழே கம்பளம் நனைந்து கறுத்திருந்தது. என் கோட்டைக் கழற்றி அவள் மடியில் போட்டேன். பிறகு பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை.

"இப்ப எதுக்கு?"

மறுநாள் அவள் வரவில்லை. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, பெரிய மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ராஜினாமாக் கடிதம் அனுப்பினாள். அவள் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது ஒலிப்பதிவு இயந்திரம் இருக்கிறது.

அந்த வியாழனின் பதிவை அவள் படுக்கையில் இருந்தபடியே முடித்து அனுப்பினாள். நான் படித்தேன். பிழையே இல்லை. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில், காலுறைக்கு ஏழு வரி கீழே, அவளும் இருக்கிறாள்:

சுருக்கெழுத்தாளர்: ஐயா, ஓர் இடைவேளை வேண்டும்.
நீதிபதி: அந்த அம்மா இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார். முடிக்கட்டும்.

அடுத்த வரி வக்கீலின் கேள்வி. இரண்டுக்கும் நடுவில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. பேசியதை மட்டும்தான் அவள் பதிவுசெய்வாள்.