ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க்

சர்வர் ஆன் ஆகும்போது மறுபடியும் பாதியில் விழுந்தது. திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி ஒரு வரியில் வந்து நின்றன. அப்புறம் அசைவில்லை. நிவேதா பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாள்.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு வீட்டு மாடிதான் அவர்கள் ஆபீஸ். அவர்கள் என்றால் அவளும் உமாசங்கரும். காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள், படிப்பு முடிந்தும் வெளியூர் போகாமல் ஊரிலேயே தொழில் தொடங்கினார்கள். நோய் கண்ட நெற்பயிரைப் போனில் படம் எடுத்து அனுப்பினால், என்ன நோய், என்ன செய்யலாம் என்று பதில் வரும். புரோகிராம் எழுதியது உமாசங்கர். அதைப் பழக்கிய படங்களெல்லாம் நிவேதா வடகரையிலும் ஆய்க்குடியிலும் வருஷக்கணக்காகச் சேற்றில் இறங்கி எடுத்தவை. ஒவ்வொரு படத்தோடும் வயல் யாருடையது, எந்த இடம், போன் நம்பர் என்ன என்ற விவரம் இருந்தது. பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் கைக்கு இது போகாது என்று அவள் வாக்குக் கொடுத்த பிறகுதான் வயல்காரர்கள் சம்மதித்தார்கள்.

காலையில் கரண்ட் போய் வந்தது. மாதக்கணக்காக அணையாமல் ஓடிய சர்வர் அதிலிருந்து எழவே இல்லை. மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஒவ்வொரு கேபிளாக உருவிப் பார்த்தாள். கடைசியில் வெளியே தனியாகச் செருகியிருந்த பேக்கப் டிஸ்க்கைப் பிடுங்கியதும் சர்வர் ஒழுங்காக எழுந்தது. திரும்பச் செருகி ஆன் செய்தாள். விழுந்தது.

உமாசங்கர் சீசனுக்குச் சொந்தக்காரர்களோடு குற்றாலத்தில் இருந்தான். போன் போட்டாள்.

“டிஸ்க் போயிருக்கும் நிவே. ஃபார்மேட் பண்ணிரு.”

“போன வாரம் நீதானல எடுத்துட்டுப் போயி செக் பண்ணிட்டு, நல்லாருக்குன்னு கொண்டாந்து மாட்டுன?”

“அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னுல்லாம் பாத்துட்டு இருக்காத, நேரந்தான் வேஸ்ட். ஃபார்மேட் பண்ணிரு.”

மங்கலான ஒரு படத்தை அழிக்கக்கூட நாலு தடவை யோசிக்கிறவன் அவன். நிவேதா போனை வைத்துவிட்டு, டிஸ்க் இல்லாமல் சர்வரை எழுப்பி, எழுந்த பிறகு அதைச் செருகினாள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனக்கென்று ஓர் அடையாள எண் உண்டு. இங்கே சர்வருக்குள் இருந்ததற்கும் வெளியே இருந்ததற்கும் ஒரே எண். சர்வரை அப்படியே முழுதாக நகலெடுத்தால்தான் இப்படி வரும். எழும்போது எது தன்னுடையது என்று தெரியாமல், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று எடுத்துக் குழம்பித்தான் அது விழுந்திருக்கிறது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு கணம் இருந்தது. பிறகு நகலைத் திறந்தாள். போன வாரம் அது வேறெங்கோ ஓடியிருக்கிறது. உமாசங்கரின் பாஸ்வேர்டால் திறந்து, கம்ப்யூட்டரின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். புதுப் பெயர், ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் பெயர்.

டிஸ்க்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

குற்றாலத்தில் சாரல். ஐந்தருவி ரோட்டில் வேன்களுக்கு இடையே புகுந்து அவன் தங்கியிருந்த பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். வராந்தாவில் அதே கம்பெனியின் பெயர் போட்ட பைகளோடு இரண்டு புது ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் யாரையும் காணவில்லை. உமாசங்கர் அவளைப் பார்த்ததும் வேகமாக வாசல் கேட்டுக்கு வந்தான்.

“ஃபார்மேட் பண்ணலையா?” என்றான்.

“என்கிட்ட ஏன்ல கேக்கல?”

“கேட்டா குடுத்துருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல. எத்தன வருசந்தான் அந்த மாடியிலயே கெடக்கது? உனக்கும் சேத்துதான் பேசிருக்கேன் நிவே. நல்ல வேல.”

தனக்கும் சேர்த்து அவன் முடிவெடுத்து வைத்திருந்ததைக் கேட்டதும் அவள் வராந்தாவில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

“பேரையும் நம்பரையும் அழிச்சிட்டாவது குடுத்தியா?”

அவன் ரோட்டைப் பார்த்தான். “நேரம் இல்ல.”

ஒரு நிமிஷ வேலை அது. அவன் எழுதிய புரோகிராமிலேயே அதற்கு வழி இருந்தது, அவள் கேட்டுக்கொண்டதால் அவனே வைத்தது. அவள் ஸ்கூட்டரில் ஏறினாள். தென்காசிக்குத் திரும்பி, டிஸ்க்கோடு போலீசில் புகார் கொடுத்தாள். பிறகு வடகரைக்கு வண்டியை விட்டாள்.

சந்தனமாரிதான் முதன்முதலில் அவளைத் தன் வயலில் இறங்க விட்டவள். வரப்பில் நின்றிருந்தவள் நிவேதாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

“காலையில ஒருத்தன் போன் பண்ணுனான். எந்த வயல்ல குலைநோய் வந்துச்சுன்னு அப்படியே சொல்லுதான். நீதான் சொல்லிவிட்டிருக்கன்னு நெனச்சி, மருந்த இறக்கச் சொல்லிட்டேன் தாயி.”

“நான் சொல்லிவிடலக்கா. ஆனா எங்க ஆபீஸ்ல இருந்துதான் போயிருக்கு. உமாசங்கர் குடுத்துட்டான். எல்லார் பேரும், நம்பரும்.”

சந்தனமாரியின் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. பயிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான் அந்தப் பயலுக்காகவா சரின்னேன்? உன் மொகத்தப் பாத்துத்தான சரின்னேன்.”

சந்தனமாரி வரப்பிலிருந்து வயலில் இறங்கினாள்.

“மத்த ஆளுககிட்டயும் நீயே போயிச் சொல்லிரு. என்னச் சொல்லச் சொல்லாத.”

“சொல்லுதேங்க்கா.”

நிவேதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர வரப்பு வழியாக அடுத்த வயலை நோக்கி நடந்தாள். அங்கே குனிந்திருந்த ஆள் அவளை அடையாளம் கண்டு கையசைத்தார்.