முட்டுக்கல்

டிராக்டரை மேட்டில்தான் நிறுத்த வேண்டும், பெரிய சக்கரத்துக்கு முட்டுக்கல் வைக்க வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். விடிந்தால் பேட்டரி உயிரோடு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் சீட்டில் ஏறிக்கொள்ள, இன்னொருவர் கல்லை உதைத்துத் தள்ள, வண்டி சரிவில் உருண்டு, கியர் விழுந்து, உலுக்கி எடுத்துவிட்டுத்தான் கிளம்பும். சீட்டில் பெரியவர், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். கல்லுக்கு என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகிறது. ஆனாலும் இந்த ஒரு வேலையை மட்டும் வாய் திறக்காமல், தப்பாமல் செய்து முடிப்பார்கள்.

பகலில் பெரியவர் ஓட்டுவார், பொழுது சாய்ந்தபின் இவர். பேட்டரி இறங்கினால் போச்சு. "லைட்டைப் போட்டே உறிஞ்சிடறான், அவங்கிட்ட சொல்லி வை" என்பார் பெரியவர், என்னிடம். "சாவியை ஆன்லயே விட்டுட்டு இறங்கிட்டா எந்த பேட்டரிதான் தாங்கும்?" என்பார் இவர், அக்காவிடம். அக்கா என்றால் என் ஓரகத்தி, பெரியவரின் மனைவி. நாங்கள் இருவரும் சம்பளமில்லாத தபால்காரர்கள். பெரியவர் புது பேட்டரி வாங்கினார். இவர் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டருக்குப் புது பெல்ட் போட்டார். கோளாறு யாரிடம் என்று இருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்ததால், கோளாறு எதில் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. கடைசியில் வண்டியையே விற்றுவிடுவது என்று முடிவாகி, இன்று சாயங்காலம் வாங்குகிற ஆள் வருகிறார். வண்டி போனால் பெரியவர் வெளியூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறாராம். அக்காவும் கூடப் போய்விடுவாள். அவள் இல்லாத சமையலறையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மதியம் ஆண்கள் இரண்டு பேரும் வெளியே போனதும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் லாரி எலெக்ட்ரீஷியன்.

"மாப்பிள்ளைக்குத் தெரியாம என்ன வேலை பார்க்கற நீ?"

"அவங்க பார்த்த லட்சணம் போதும். நீ சொல்லு."

பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தச் சொன்னான், விறைப்பாகத்தான் இருந்தது. பேட்டரி முனைகளில் வெள்ளை பூத்திருந்ததை நானும் அக்காவும் வெந்நீர் ஊற்றித் தேய்த்தோம். மோட்டார் ரூமிலிருந்து மீட்டரை எடுத்து வந்து வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே நின்றது. அக்கா புடவையைச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறினாள். விதைப்பு சமயத்தில் அவளும் ஓட்டியிருக்கிறாள். நான் கல்லை உதைத்தேன். கால் விரல் விண்ணென்று தெறித்தது. வண்டி உருண்டு கிளம்பிவிட்டது. எஞ்சின் அந்தக் கத்துக் கத்தியும் மீட்டரில் எண் இம்மியும் ஏறவில்லை.

"சார்ஜே ஆகல அண்ணா."

"சாவி போட்டதும் டேஷ்போர்டுல செவப்பு லைட்டு ஒண்ணு எரியணுமே?"

"அது எரிஞ்சு ரொம்ப நாளாச்சு. எரியலன்னா நல்லதுதானே?"

"நல்லாருக்கு கதை. அந்த பல்பு வழியாத்தாம்மா ஆல்டர்னேட்டருக்கு மொதல் கரண்டே போகுது. அது இல்லன்னா சும்மா தூங்கிக்கிட்டே சுத்தும். பின்னாடி கைய விட்டு பல்ப உருவிப் பாரு."

கையை விட்டேன். ஹோல்டர் வந்தது. உள்ளே காலி. திரும்பினால் சீட்டில் அக்கா இல்லை. வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்கி, வீட்டுக்குள் போய்விட்டிருந்தாள். வரும்போது கையில் ஊசி நூல் டப்பா. பட்டன்களுக்கு அடியில், பஞ்சில் சுற்றி, அந்தப் பல்பு.

"பழைய பெல்ட்டு தளர்ந்தப்ப இந்த லைட்டு எரிஞ்சுதுல்ல, அன்னிக்குத்தான் மொதல் சண்டை. அதுக்கப்புறம் சாவி போட்டு இது எரிஞ்சாலே போதும், 'பாரு, இன்னும் சரியாகல'ன்னு எங்க வீட்டுக்காரர் ஆரம்பிப்பார். தம்பி பதில் சொல்லும். லைட்டு இல்லன்னா சண்டை இருக்காதுன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த வீட்டில் சண்டையை நிறுத்த ஏதாவது செய்த ஒரே ஆள் இவள்தான். அவள் கையில்தானா இப்படி முடிய வேண்டும்? அவள் பல்பை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிப் பொருத்தினேன். லைட்டு எரிந்தது. அவள் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்ததும் அணைந்தது. மீட்டர் மெல்ல ஏறிப் பதினாலைத் தொட்டது.

"பல்பு ஃபியூஸ் போயிருந்துச்சு, மாத்திட்டோம்னு சொல்லிடலாம்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் ஊசி நூல் டப்பாவை மூடி வைத்தாள். வெகுநேரம் ஓடவிட்டு, வண்டியை மறுபடி மேட்டில் ஏற்றி, கல்லை வைத்து அணைத்தோம்.

சாயங்காலம் முதலில் இவர் வந்தார். பின்னாலேயே பெரியவர், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே. நான் வாயெடுப்பதற்குள் அக்கா முன்னால் போய் நின்றாள்.

"அந்த செவப்பு லைட்ட நாந்தான் புடுங்கி ஒளிச்சு வெச்சேன். அதனாலதான் சார்ஜ் ஏறல. இன்னிக்குத்தான் திரும்பப் போட்டோம். நீங்க ரெண்டு பேருமே ஒரு தப்பும் பண்ணல."

பெரியவர் அவளையே பார்த்தார். இவர் டிராக்டர் டயரை இன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் போய்ச் சீட்டில் ஏறினார். இவரும் பழக்க தோஷத்தில் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் காலைத் தூக்கினார். சாவி திரும்பியது. சிவப்பு லைட்டு எரிந்தது.

"கல்லு இருக்கட்டும்டா."

பெரியவர் அதை என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. இவர் நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். தெரு முனையில் பைக் ஹாரன் கேட்டது. வாங்குகிற ஆள்தான். ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெரியவர் சாவியை இன்னும் ஒரு திருகு திருகினார். எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. லைட்டு அணைந்தது. இவர் தூக்கிய காலை மெதுவாக இறக்கி, அந்தக் கல்லின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.